ஆடியில்லாக் கேமரா: சிறியதும் எளியதும்

(நீண்ட பதிவு. ஒளிப்படக் கலையைப் பற்றியதன்று. களத்துக்குச் செல்லும் ஆய்வாளர்களின் கையில் இருக்கும் ஒரு கருவியின் வரலாறு பற்றியது. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

ஒடிசாவின் ராயகடா மாவட்டத்தில் குவி மொழிக் கதைகளைப் பதிவுசெய்யத் தொடங்கிய முதல் பயணம். கதை சொன்னவர் எழுபது வயதைக் கடந்த ஒரு பாட்டி. பாயின்மீது ஒலிப்பதிவுக் கருவி. என் கையில் ஆய்வுத் திட்டத்துக்காக வாங்கப்பட்ட பெரிய டி.எஸ்.எல்.ஆர். கேமரா. அதை நான் கண்ணுக்கு உயர்த்தும்போதெல்லாம் பாட்டி பெரும்பாலும் பேச்சை நிறுத்தினார். சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து அமர்ந்தார். கருவி கீழே இறங்கிய பிறகே கதையைத் தொடர்ந்தார். அன்றிரவு ஒலிக்கோப்பைப் பிராட் மென்பொருளில் திறந்தேன். அடைப்பொலியின் வெடிப்பைக் காட்டுவது போன்ற செங்குத்துக் கோடுகள், அடைப்பொலி வரவே இயலாத இடங்களில் தெரிந்தன. சற்று நேரம் குழம்பிய பின்னரே விளங்கியது: அவை பாட்டியின் நாவிலிருந்து பிறந்தவை அல்ல. அவர் பேச்சை நிறுத்தாமல் விட்ட இடங்களில், என் கேமராவுக்குள் ஆடி மேலெழுந்து மோதிய ஓசைகள் அவை.

அடுத்த பயணத்துக்கு ஒரு நண்பரிடம் சிறிய மிரர்லெஸ் கேமரா ஒன்றைக் கடன்பெற்றுச் சென்றேன். அங்கு நிகழ்ந்ததை இறுதியில் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு கேள்வி. எல்லோர் பையிலும் கைப்பேசி இருக்கும் காலத்தில், ஒரே ஒரு வில்லையும் நான்கைந்து திருகிகளும் மட்டுமே கொண்ட சிறிய கேமராக்களை மக்கள் ஏன் இன்னும் தேடிச் செல்கிறார்கள்? எடை குறைவு என்பார்கள். பழமையின்மீதான ஏக்கம் என்பார்கள். இரண்டும் உண்மையே. ஆனால் இக்கருவியின் வரலாறு இன்னொரு விடையையும் தருகிறது.

முதலில் பெயர். 'மிரர்லெஸ்' என்பதைத் தமிழில் 'கண்ணாடியில்லாக் கேமரா' என எழுதினால், வில்லையே இல்லாத கேமரா என்று ஒருவர் பொருள்கொள்ளக்கூடும். நம் 'கண்ணாடி' சன்னல் கண்ணாடியையும் மூக்குக் கண்ணாடியையும் முகம் பார்க்கும் கண்ணாடியையும் ஒருசேரக் குறிக்கும். ஆகவே 'ஆடி' என்ற சொல்லையே இங்கு ஆள்கிறேன். ஒரு பொருளை அதில் இல்லாத ஒன்றைக்கொண்டு அழைப்பது மொழிக்குப் புதிதன்று. 'கம்பியில்லாத் தந்தி' நாம் நன்கறிந்த சான்று. இவ்வகைப் பெயரிடல் ஓசையின்றி ஒரு தீர்ப்பையும் வழங்கிவிடுகிறது. இல்லாத பொருளே இயல்பு என்றும், அது இன்றி அமைந்தது விலகல் என்றும் ஆகிவிடுகிறது. கம்பியைப் பொறுத்தவரை வரலாற்று வரிசை அதுதான். கம்பி முன்னே வந்தது. சிறிய கேமராவைப் பொறுத்தவரை அவ்வரிசை தலைகீழானது.

ஆடி என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். வில்லை வழியே நுழையும் ஒளியை 45 பாகைச் சாய்வில் நிற்கும் ஆடி மேல்நோக்கித் திருப்புகிறது. ஐங்கோணப் பட்டகம் ஒன்று அதை நம் கண்ணுக்கு நேராக்கித் தருகிறது. படமெடுக்கும் கணத்தில் ஆடி மேலெழ, மூடுதிரை திறக்க, ஒளி படச்சுருளில் விழுகிறது. வில்லை காண்பதையே கண்ணும் காண்பது இதன் பெரும் நன்மை. ஆனால் ஆடி அசைவதற்கு இடம் வேண்டும். ஆதலால் வில்லை பின்னால் வர இயலாது. நிக்கான் எஃப் வகைக் கேமராவில் வில்லை பொருந்தும் தளத்துக்கும் படச்சுருளுக்கும் இடையே 46.5 மில்லிமீட்டர், ஆடியில்லாத லைக்கா எம் வகையில் 27.8 மில்லிமீட்டர். கருவியின் பருமனும், அகலக்கோண வில்லைகளின் பருமனும் பெருமளவு இந்த இடைவெளியின் விளைவு. இன்னொரு விந்தையும் உண்டு. ஆடி மேலெழும் கணத்தில் காட்சிப்புழை இருண்டுவிடுகிறது. எந்தக் கணம் படத்தில் பதிகிறதோ, சரியாக அந்தக் கணத்தை மட்டும் படமெடுப்பவர் காண்பதில்லை.

ஆடி பொருத்திய கேமராக்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தன. ஆயினும் 35 மில்லிமீட்டர் படச்சுருளுக்கு அது பரவலாக வந்தது 1936-இல் டிரெஸ்டனில் தோன்றிய கினே எக்சாக்டாவுடன். தொழில்முறையாளரின் இயல்பான கருவியானது 1959-இல் நிக்கான் எஃப் வந்த பின்னர். 2008-இல் பானசோனிக் ஜி1 வந்தபோது அந்த ஆட்சி ஆட்டங்காணத் தொடங்கியது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள். ஒளிப்படத்தின் வயதோடு ஒப்பிட்டால் அது ஓர் இடைக்காலம். அந்த இடைக்காலத்தின் மொழியே 'மிரர்லெஸ்' என்ற பெயரில் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறது.

இனி, சிறிய கேமரா எதற்கு மாற்றாக வந்தது என்பதைப் பார்க்கவேண்டும். இந்தியாவில் இக்கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. ஜே. ஃபோர்ப்ஸ் வாட்சனும் ஜான் வில்லியம் கேயும் பதிப்பித்த 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா' 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்தது. நானூற்றுக்கும் மேற்பட்ட ஒளிப்படங்கள். ஒவ்வொன்றும் ஒரு சாதியின், ஒரு குடியின் 'மாதிரி'. அக்காலத்து ஈரக் கொலோடியன் முறையில் கண்ணாடித் தகட்டில் வேதிப்பொருளைப் பூசி, அது உலர்வதற்குள் படமெடுத்து, உடனடியாகக் கழுவியாக வேண்டும். மரப்பெட்டி, முக்காலி, இருட்டுக் கூடாரம், வேதிப்பொருள் புட்டிகள், அவற்றைச் சுமக்கும் ஆட்கள் எல்லாம் சேர்ந்ததே அன்றைய கேமரா. எதிரில் இருப்பவர் சில நொடிகள் அசையாதிருக்க வேண்டும். 1890-களில் அந்தமானில் எம். வி. போர்ட்மன் என்ற அதிகாரி, அம்மக்களைச் சதுரக்கட்டங்கள் வரைந்த பின்திரையின் முன் நிறுத்திப் படமெடுத்தார். உடலளவைப் படத்திலிருந்தே கணக்கிடுவதற்காக அந்தக் கட்டங்கள்.

இப்படங்களில் எதிரிலிருப்பவர் உறைந்து நிற்பதற்குக் கருவியின் மந்தம் ஒரு காரணம். ஆட்சியின் பார்வை இன்னொரு காரணம். இரண்டையும் முற்றாகப் பிரித்துவிட முடியாது. கருவி அசையாமையைக் கோரியது; ஆட்சி அதைக் கட்டளையிடும் இடத்தில் இருந்தது. பாட்டி நிமிர்ந்து அமர்ந்தபோது எனக்கு ஏற்பட்ட சங்கடத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று பின்னர் தோன்றியது.

மாற்றம் ஒரு நோயாளியின் தேவையிலிருந்து வந்தது. ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் எர்ன்ஸ்ட் லைட்ஸ் நுண்ணோக்கி நிறுவனத்தில் பணிபுரிந்த ஆஸ்கர் பார்னக் ஆஸ்துமாவால் அவதியுற்றவர். ஒளிப்பட ஆர்வலரான அவருக்குத் தகட்டுக் கேமராவையும் முக்காலியையும் சுமந்து மலையேறுவது இயலாத செயல். திரைப்படச் சுருளைக் கிடைமட்டமாக ஓடவிட்டு, திரைப்படத்தின் இரண்டு சட்டங்களின் பரப்பில் ஒரு படத்தைப் பதியவைக்கும் சிறுகருவி ஒன்றை 1914-ஐ ஒட்டி அவர் செய்துமுடித்தார். 24-க்கு 36 மில்லிமீட்டர் என்ற அந்த அளவையே இன்றும் 'முழுச்சட்டம்' என்கிறோம். முதல் உலகப்போர் இடையிட்டது. மாக்ஸ் பெரெக் வடிவமைத்த வில்லையுடன், லைக்கா என்ற பெயரில், அது 1925-ஆம் ஆண்டு லைப்சிக் வசந்தகாலச் சந்தையில் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. அதில் ஆடி இல்லை. அன்று அதை யாரும் ஆடியில்லாக் கேமரா என்று அழைக்கவுமில்லை. அழைக்கத் தேவையும் எழவில்லை.

இக்கருவி என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது என்பதை ஒரே நாளில், ஒரே வீட்டில் வைத்துக் காணும் வாய்ப்பு வரலாற்றில் உண்டு. இடம் தில்லி, பிர்லா இல்லம். நாள் 1948 சனவரி 30. அன்று காந்தியைச் சந்தித்தவர்களுள் இரண்டு ஒளிப்படக் கலைஞர்கள் இருந்தனர். ஒருவர் 'லைஃப்' இதழின் மார்கரெட் பர்க்-வைட்; 1946-இல் இராட்டைக்கு அருகே காந்தி அமர்ந்திருக்கும் புகழ்பெற்ற படத்தை எடுத்தவர். மற்றவர் பிரெஞ்சுக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன். முந்தைய ஆண்டில்தான் மேக்னம் கூட்டுறவு அமைப்பை நண்பர்களுடன் தொடங்கியிருந்தவர். அன்று மாலை, இவ்விருவரும் விடைபெற்றுச் சென்ற சில மணி நேரத்துக்குள், காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். இருவரும் பிர்லா இல்லத்துக்கு விரைந்து திரும்பினர்.

பர்க்-வைட் பழகியிருந்த முறை மின்னல் விளக்கு முறை. காந்தியின் உடல் கிடத்தப்பட்டிருந்த அறையில் அவருடைய விளக்கு ஒளிர்ந்தபோது, துயரத்தில் ஆழ்ந்திருந்தோர் கொதித்தெழுந்தனர். கேமராவிலிருந்த படச்சுருள் அகற்றப்பட்டது. அவர் வெளியேற நேர்ந்தது. கார்த்தியே-பிரெசோனிடம் இருந்தது லைக்கா. பளபளக்கும் உலோகப் பகுதிகளைக் கறுப்பு நாடாவால் மறைத்துக்கொள்வது அவர் வழக்கம். மின்னல் விளக்கை அவர் விரும்பியதே இல்லை. கிடைத்த ஒளியில் படமெடுத்தார். பிர்லா இல்லத்து வாயிலில் நின்று நேரு மரணச் செய்தியை அறிவிக்கும் படம் அன்றிரவு அவர் எடுத்ததே. தெருவிளக்கின் ஒளியில் எடுத்த அப்படத்தில் தெளிவு குறைவு, விளிம்புகள் கலங்கியிருக்கின்றன. நாட்டின் அன்றைய நிலைக்கு அந்தக் கலங்கல் பொருந்தாதது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒளிப்பட வரலாற்றாசிரியர் கிளாட் குக்மன் இவ்விருவரின் பணிமுறைகளையும் ஒப்பிட்டு விரிவாக எழுதியிருக்கிறார்.

இதைப் பெரிய கேமராவின் கொடுமை, சிறிய கேமராவின் கருணை என்று வாசிப்பது எளிது, தவறும்கூட. பர்க்-வைட் இந்தியப் பிரிவினையின் பெருந்துயரை உலகுக்குக் காட்டியவர். இராட்டைப் படத்துக்கு முன் காந்தியின் உதவியாளர்கள் விதித்தபடி நூற்கக் கற்றுக்கொண்டவர். இசைவு கேட்டுப் பெற்று எடுக்கும் முறை அவருக்கு அந்நியமன்று. கார்த்தியே-பிரெசோனோ தம் கருவியை மறைத்துக்கொண்டவர். துயருற்றவர்கள் அவருக்கு இசைவளித்தார்களா, அல்லது அவரைக் கவனிக்கவில்லையா? இரண்டும் ஒன்றல்ல. சிறிய கேமரா மனிதரை உறைய வைப்பதில்லை. அதே காரணத்தால், தாம் பார்க்கப்படுகிறோம் என்பதை அறியும் வாய்ப்பையும் அவரிடமிருந்து பறித்துவிடக்கூடும்.

இந்த அச்சம் லைக்காவுக்கும் முந்தையது. 1888-இல் ஜார்ஜ் ஈஸ்ட்மனின் முதல் கோடக் 25 டாலருக்கு விற்பனைக்கு வந்தது; நூறு படங்களுக்கான சுருளை உள்ளேயே வைத்திருந்தது. புத்தகம் போலவும் பொட்டலம் போலவும் தோன்றுமாறு செய்த 'துப்பறியும் கேமராக்கள்' அந்த ஆண்டுகளில் பெருகின. 1890-இல் சாமுவேல் வாரனும் லூயி பிராண்டைசும் ஹார்வர்டு சட்ட இதழில் தனியுரிமை பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை எழுதியபோது, நொடிப்பொழுதில் எடுக்கப்படும் ஒளிப்படங்களையும் செய்தித்தாள்களையும் சேர்த்தே குற்றம்சாட்டினர். தனியுரிமை என்ற சட்டக் கருத்தின் பிறப்பில் சிறிய கேமராவுக்கும் ஒரு பங்கு உண்டு. தமிழில் 'சிறுமை' என்ற சொல் அளவையும் இழிவையும் ஒருங்கே குறிப்பது இந்த வரலாற்றுக்கு ஒத்துப்போகிறது.

ஆகவே அளவு மட்டும் விடையாகாது. தலைப்பிலுள்ள இரண்டாவது பண்புக்கு, எளிமைக்கு வருகிறேன். 1900-இல் கோடக் நிறுவனம் பிரௌனி என்ற அட்டைப்பெட்டிக் கேமராவை ஒரு டாலருக்கு விற்றது. அது குழந்தைகளை மனத்திற்கொண்டு விற்கப்பட்டது. அதுவரை படத்தில் நிற்க மட்டுமே அழைக்கப்பட்ட ஒருவர், இப்போது பொத்தானை அழுத்தலாம். 1959-இல் ஒலிம்பஸ் நிறுவனத்தில் இளம் பொறியாளர் யோஷிஹிசா மைத்தானி வடிவமைத்த பென் கேமராவும் இதே மரபினது. சட்டத்தைப் பாதியாக்கி, 36 படச் சுருளில் 72 படங்கள் எடுக்க வழிசெய்தார். படச்சுருளுக்குக் கணக்குப் பார்க்கும் குடும்பங்களும் கேமராவை வீட்டில் வைத்துக்கொள்ள முடிந்தது.

இந்தியாவில் அந்த இடத்தை நிரப்பியது அக்ஃபா கிளிக் 3. பரோடாவில் செய்யப்பட்டது. 120 வகைச் சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள். வெயிலா, மேகமூட்டமா என்பதைத் தாண்டி எடுப்பவர் முடிவுசெய்ய வேண்டியவை மிகக் குறைவு. 1960-ஆம் ஆண்டு உதகமண்டலத்தில் நிறுவப்பட்டு, 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் 'இந்து' படச்சுருள்களும் அதே காலத்தவை. ஒளிப்படம் என்றால் ஸ்டுடியோவுக்குப் போய், ஓவியத் திரையின் முன் நிமிர்ந்து நிற்பது என்றிருந்த குடும்பங்களில், திண்ணையில் காய்கறி நறுக்கும் அம்மாவின் படம் முதன்முதலாகத் தோன்றியது இத்தகைய கேமராக்களால்தான். எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியிலும் அப்படி ஒரு படம் இருக்கிறது. எடுத்தவர் என் அத்தை. அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. படம் சற்றுச் சாய்ந்திருக்கிறது. ஸ்டுடியோப் படங்களில் ஒருபோதும் சிரிக்காத என் பாட்டி அதில் சிரிக்கிறார்.

பின்னர் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆடிக் கேமராக்கள் தொழில்முறையை ஆண்டன. மின்னணுக் கேமராக்கள் வந்தன. 2010-இல் உலகெங்கும் அனுப்பப்பட்ட மின்னணுக் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல். கைப்பேசி அந்தச் சந்தையை விழுங்கியது. 2023-இல் அந்த எண்ணிக்கை ஒரு கோடிக்கும் கீழ். ஆடியில்லாக் கேமராக்கள் 2020-இல் ஆடிக் கேமராக்களை விற்பனையில் முந்தின. ஆனால் அவற்றுள் பல, பெரும் வில்லைகளும் எண்ணற்ற பட்டியல்களும் கொண்டு, தாம் வெளியேற்றிய கருவிகளைப் போலவே பருத்துவிட்டன. வியப்பு இதுதான்: 2011-இல் விற்பனைக்கு வந்த ஃபுஜிஃபிலிம் எக்ஸ்-100 வரிசை, மாற்றவியலாத ஒற்றை வில்லையும் கையால் திருகும் வளையங்களும் கொண்டது, அதன் ஆறாம் வடிவம் 2024-இல் வந்தபோது, பணம் கையிலிருந்தும் பலர் மாதக்கணக்கில் காத்திருந்தனர்.

கைப்பேசி இதைவிடச் சிறியது, இதைவிட எளியது அல்லவா என்று கேட்கலாம். அழுத்துவதற்கு எளியதுதான். ஆனால் அது கேமரா மட்டும் அன்று. அஞ்சல் நிலையமும் அதுவே, விளம்பரப் பலகையும் அதுவே. களத்தில் இதை நேரடியாக அறிந்தேன். கைப்பேசியை உயர்த்தியபோது ஊர் இளைஞர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, "இதை எங்கே போடுவீர்கள்?" என்பது. நியாயமான கேள்வி. அவர் அறிந்த உலகில் கைப்பேசிப் படம் அடுத்த நொடியே முன்பின் அறியாதவரின் திரைக்குப் போய்விடுகிறது. படம் எடுக்க மட்டுமே தெரிந்த கருவி அந்தக் கேள்விக்கு முழு விடை ஆகாது. அதை நான் எழுத்திலும் பேச்சிலும் தனியே விளக்கியாக வேண்டியிருந்தது. ஆயினும் எடுப்பதையும் பரப்புவதையும் இரண்டு வேறு செயல்களாக அது பிரித்து நிறுத்துகிறது. இசைவைக் கேட்பதற்கான நேரம் அந்த இடைவெளியில்தான் கிடைக்கிறது.

பாட்டியிடம் திரும்புகிறேன். இரண்டாம் பயணத்தில் அந்தச் சிறிய கேமராவைப் பாயின்மீது, ஒலிப்பதிவுக் கருவிக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஒடியாவில், எதை அழுத்தவேண்டும் என்று சொன்னேன். கதை தொடங்குவதற்கு முன் அவர் என்னை நான்கு படங்கள் எடுத்தார். பேரக்குழந்தைகள் சுற்றி நின்று அவற்றைப் பார்த்துச் சிரித்தனர். என் தலை இரண்டில் பாதிதான் இருந்தது. பின்னர் நான் எடுத்தபோது அவர் சேலையைச் சரிசெய்துகொள்ளவில்லை, கதையையும் நிறுத்தவில்லை. ஓரிடத்தில் மட்டும் கையை உயர்த்தி, இப்போது வேண்டாம் என்று தடுத்தார். இறந்துபோன தம் மகளைப் பற்றிய பகுதி அது. முதல் பயணத்தில் அவர் அப்படித் தடுத்ததில்லை. பெரிய கேமராவின் முன் அவர் பணிந்து அமர்ந்திருந்தார். தம் கையால் இயக்கிப் பார்த்த கருவியிடம் மறுப்புச் சொல்ல அவரால் முடிந்தது.

சிறிய, எளிய கேமராவின் நீடித்த ஈர்ப்புக்கு நான் காணும் காரணம் இதுவே. சிறியதாக இருப்பது எடுப்பவருக்கு உதவுகிறது. எளியதாக இருப்பதால் அதை எதிரிலிருப்பவர் கையிலும் கொடுக்க முடிகிறது. போர்ட்மனின் கேமரா ஒருபோதும் கைமாறியிருக்க முடியாது. பிரௌனி கைமாறியது, கிளிக் 3 என் அத்தையின் கைக்குப் போனது. கருவியை மாற்றினால் அதிகாரம் மறைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பல்கலைக்கழக அடையாள அட்டையுடன் அந்த ஊருக்குப் போனவன் நான். ஆய்வேட்டில் பெயர் இடம்பெறப்போவது எனக்கு. ஆனால் மறுப்பதற்கு ஓர் இடத்தைத் திறந்துவைக்கும் கருவி எது என்று தேர்ந்துகொள்வது நம் கையில் இருக்கிறது.

ராயகடா நகரில் ஓர் ஒளிப்பட நிலையத்தில் அந்தப் படங்களை அச்சிட்டுப் பாட்டியிடம் கொடுத்துவந்தேன். தாம் எடுத்த நான்கில் ஒன்றை, என் தலை பாதி வெட்டுப்பட்டதை, அவர் எனக்கே திருப்பிக் கொடுத்தார். என் மேசைமேல் இருக்கிறது. அந்த இரண்டாம் பயணத்தின் ஒலிக்கோப்பில் செங்குத்துக் கோடுகள் பாட்டியின் அடைப்பொலிகள் இருக்கும் இடங்களில் மட்டுமே விழுகின்றன.

களப்பணிக்குச் செல்லும் நண்பர்கள் எந்தக் கருவியுடன் செல்கிறீர்கள், எதிரிலிருப்பவர் அதை எப்படி எதிர்கொண்டார் என்பதைப் பின்னூட்டத்தில் எழுதினால் நன்றியுடையவனாவேன். படம் வேண்டாம் என்று உங்களிடம் யாரேனும் சொல்லியிருந்தால், அதையும் எழுதுங்கள்.